கமீலியனும் கே-9 நாயும்: பழைய ‘டாக்டர் ஹூ’ தொடரைப் படாதபாடு படுத்திய ரோபோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடரைப் பற்றிய கேள்விகள் இவை?

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கி, 1989 வரை நடத்தி, பிறகு 2005இல் மீண்டும் உயிர்ப்பித்த ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றியவை. டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், வெளியே நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி போலத் தோன்றும் டார்டிஸ் என்ற கலத்தில், ஓரிரு தோழர்களுடன் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுவார் என்பதே அதன் கதை.

தொடர் எப்படிப் படமாக்கப்பட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழே வரும் தொல்லைகள் பலவும் அதிலிருந்து பிறந்தவை. திரைப்படம்போல ஒவ்வொரு ஷாட்டாக நிதானமாக எடுக்க அங்கே வசதி இருக்கவில்லை. நடிகர்கள் பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, லண்டனில் உள்ள பிபிசி தொலைக்காட்சி மையத்தின் அரங்கில் ஒதுக்கப்பட்ட சில நாட்களுக்குள், ஒரே நேரத்தில் பல வீடியோ கேமராக்கள் ஓட, காட்சிகளை வரிசையாகப் பதிவு செய்வார்கள். இரவு 10 மணிக்கு அரங்கில் வேலை நின்றுவிடும். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் கூடுதல் பணம், கூடுதல் அனுமதி, கூடுதல் தலைவலி. அப்படிப்பட்ட அரங்கில் ஒரு பொம்மை பத்து நிமிடம் அசைய மறுத்தால், அந்தப் பத்து நிமிடம் வேறொரு நடிகரின் காட்சியிலிருந்துதான் வெட்டப்படும்.

கமீலியன் என்பது யார்?

1983 மார்ச் 15, 16 ஆகிய நாட்களில் ஒளிபரப்பான ‘த கிங்ஸ் டீமன்ஸ்’ என்ற இரண்டு பகுதிக் கதையில் அறிமுகமான ரோபோ அது. பச்சோந்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சற்று மாற்றி அதற்குப் பெயர் வைத்தார்கள். செரிபாஸ் என்ற கிரகத்தில் மாஸ்டர் என்ற வில்லன் கண்டெடுத்த அந்த இயந்திரம், தன்னை ஆட்கொள்ளும் மனத்தின் விருப்பப்படி எந்த மனிதரின் உருவத்தையும் எடுக்க வல்லது. கதை 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. அரசர் ஜானின் உருவத்தில் கமீலியனை உலவவிட்டு, மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் உருவாகாமல் தடுப்பதே மாஸ்டரின் திட்டம். அரசராகவும் கமீலியனின் குரலாகவும் நடித்தவர் ஜெரால்ட் ஃபிளட் என்ற ஒருவரே.

சிக்கலுள்ள பாத்திரம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கமீலியனுக்குச் சொந்தமாக ஓர் இயல்பு இருக்கிறது, அது கனிவானதும்கூட, ஆனால் தன்னைவிட வலிமையான மனம் எதிரே வந்துவிட்டால் அந்த இயல்பைக் காப்பாற்றிக்கொள்ள அதனால் முடியாது. முதல் கதையின் முடிவில் டாக்டரும் மாஸ்டரும் அதன்மீது மனப்போர் நடத்த, டாக்டர் வென்று அதைத் தன்னோடு அழைத்துச் செல்கிறார். இப்படியொரு பயணத் தோழன் ஒரு தொடருக்குக் கிடைப்பது பெரும் வாய்ப்பு. யாரை நம்புவது என்ற ஐயத்தை ஒவ்வொரு கதையிலும் விதைக்கலாம். விருந்தினராக வரும் எந்த நடிகரையும் கமீலியனாக்கிக் காட்டலாம். அந்த வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் வீணானது.

கதையோடு சம்பந்தமில்லாத ஒரு சுவையான செய்தி: மாஸ்டர் மாறுவேடத்தில் வருவதைப் பார்வையாளர்கள் முன்கூட்டியே அறிந்துவிடக் கூடாதென்று, நடிகர் ஆன்டனி எய்ன்லியின் பெயருக்குப் பதிலாக ஜேம்ஸ் ஸ்டோக்கர் என்ற பெயரை அறிவிப்பில் போட்டார்கள். அதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘மாஸ்டரின் கேலி’ என்று பொருள்படும் சொற்கள் வரும்.

கமீலியன் உண்மையிலேயே இயங்கிய ரோபோவா, உள்ளே ஆள் இருந்தாரா?

உள்ளே ஆள் இல்லை, அதுதான் அதன் பெருமை, அதுவே அதன் கேடு. கிறிஸ் பேட்மோர், மைக் பவர் ஆகிய இருவரின் முயற்சியில் உருவான கணினி இயக்க ரோபோ அது. அதன் செய்முறை விளக்கத்தை நேரில் பார்த்த தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர், இதையே ஒரு நிலையான பாத்திரமாக ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். 1980களின் தொடக்கத்தில், வீட்டுக் கணினி என்பதே புதுமையாக இருந்த நேரத்தில், தலையைத் திருப்பி, கையை அசைத்து, வாயைத் திறந்து மூடிப் பேசும் வெள்ளிநிற மனித உருவத்தைப் பார்த்து அவர் மயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் விளக்கக் காட்சி என்பது வேறு, படப்பிடிப்பு என்பது வேறு. அமைதியான ஓர் அறையில், இயக்குபவர்கள் தங்கள் வசதிப்படி எல்லாவற்றையும் தயார்செய்து வைத்திருக்க, முன்பே திட்டமிட்ட அசைவுகளை அந்த ரோபோ அழகாகச் செய்துகாட்டியது. இரவு 10 மணிக் கெடுவோடு ஓடும் அரங்கில், இயக்குநர் கேட்ட கணத்தில், கேட்ட கோணத்தில் அதைச் செய்யச் சொன்னபோது அதனால் முடியவில்லை.

படப்பிடிப்பில் குறிப்பாக என்ன கோளாறு நேர்ந்தது?

முதலாவதாக, கமீலியனால் நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலோ நிறுத்திய இடத்திலோ இருந்தபடிதான் அது அசையும். ‘த கிங்ஸ் டீமன்ஸ்’ கதையில் அது யாழ் போன்ற இசைக்கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காட்சி அரச சபையின் அழகுக்காக அமைந்ததுபோல் தோன்றினாலும், எழுந்து நடமாட முடியாத ஒன்றை உட்காரவைக்க ஒரு காரணமாகவும் அது உதவியது.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. கமீலியனின் வசனம் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அதன் வாயசைவு அந்தப் பதிவோடு பொருந்தும்படி கணினியில் அமைக்கப்பட வேண்டும். அப்படியானால் எதிரில் நிற்கும் நடிகர்கள்தாம் இயந்திரத்தின் வேகத்துக்குத் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் வசனத்தைச் சற்று நிறுத்திச் சொன்னாலோ, மற்றொருவர் ஓர் அடி முன்னே வந்து பேசினாலோ, ரோபோ அவர்கள் பேசி முடிப்பதற்குள் தன் பதிலைச் சொல்லிவிடும், அல்லது அவர்கள் பேசி முடித்த பிறகும் மௌனம் காக்கும். வசனத்தில் ஒரு சொல்லை மாற்றக்கூட அரங்கில் வழியில்லை. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகிய நடிகர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலூட்டியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

மென்பொருளை எழுதியவரின் மரணம் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா?

உண்மை. கமீலியனை இயக்கும் மென்பொருளைப் பற்றி முழுமையாக அறிந்திருந்த மைக் பவர் படகு விபத்து ஒன்றில் உயிரிழந்தார். அதை எப்படி இயக்க வேண்டும் என்பது பற்றிப் பிறர் பயன்படுத்தத்தக்க முழுமையான குறிப்புகள் இருக்கவில்லை. எனவே ஏற்கெனவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்த இயந்திரம், அதன்பின் கிட்டத்தட்ட யாருக்குமே கட்டுப்படாத பொருளாயிற்று.

இந்த மரணம் மட்டும் நிகழாதிருந்தால் கமீலியன் நிலைத்திருக்கும் என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் இருந்திருந்தால் ரோபோ இன்னும் ஒழுங்காக அசைந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நடக்க முடியாத, ஒலிநாடாவின் வேகத்தில் மட்டுமே பேசக்கூடிய ஒரு பாத்திரத்தை ஒவ்வொரு வாரமும் கதைக்குள் இழுத்துவரும் சுமை அப்படியேதான் இருந்திருக்கும்.

அறிமுகமான பிறகு கமீலியன் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, டார்டிஸுக்குள்ளேயே இருந்ததாக நாம் எண்ணிக்கொள்ள வேண்டும். 1983 மார்ச்சில் டாக்டரோடு கிளம்பிய கமீலியன் அடுத்ததாகத் திரையில் தோன்றியது 1984 பிப்ரவரியில். இடையில் தொடரின் 20ஆம் ஆண்டு நிறைவுக்கான ‘த ஃபைவ் டாக்டர்ஸ்’ சிறப்புக் கதையும், கடலடித்தளக் கதை ஒன்றும், கிராமத்துக் கதை ஒன்றும், தொலைதூரக் குடியேற்றக் கதை ஒன்றும், டாலெக் என்ற எதிரிகள் வரும் கதை ஒன்றும் வந்துபோயின. அந்தக் கலத்துக்குள் உருமாறும் ரோபோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீகன் என்ற தோழி விடைபெற்றுப் போகும்போதும் அதன் நினைவு யாருக்கும் வரவில்லை.

சொல்ல முயன்றார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1984 ஜனவரியில் வந்த ‘த அவேக்கனிங்’ கதைக்காக டீகனும் கமீலியனும் டார்டிஸுக்குள் சந்திக்கும் சிறிய காட்சி ஒன்று பதிவு செய்யப்பட்டது. பகுதியின் நீளம் கூடிவிட்டதால், கதைக்கு இன்றியமையாதது எது என்று பார்த்தபோது, முதலில் கத்தரிக்கு இரையானது அதுதான். இறுதித் தொகுப்புக்கு முந்தைய பிரதியில் தப்பிப் பிழைத்த அந்தக் காட்சி, பின்னாளில் டிவிடி வெளியீட்டின் வழியே ரசிகர்களை எட்டியது.

ஒரு பருவத்தின் கடைசிக் கதையாகப் பார்த்து இந்த ரோபோவை அறிமுகப்படுத்தியது ஏன்?

அது திட்டமிட்டு நடந்ததில்லை. 20ஆம் பருவத்தை முடித்துவைக்க டாலெக்குகள் வரும் கதையொன்று தயாராகிக்கொண்டிருந்தது. மின்பணியாளர் வேலைநிறுத்தத்தால் அரங்குப் பதிவுகள் தடைபட, அந்தக் கதையைக் கைவிட நேர்ந்தது. அதுவே திருத்தி எழுதப்பட்டு அடுத்த ஆண்டு ‘ரெசரெக்ஷன் ஆஃப் த டாலெக்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அதனால் இரண்டே பகுதிகள் கொண்ட, அளவில் எளிய ‘த கிங்ஸ் டீமன்ஸ்’ பருவத்தின் நிறைவாக நின்றது. புதிய தோழனை வரவேற்ற பார்வையாளர்கள் அடுத்த வாரம் அவனைப் பார்க்கலாம் என்று காத்திருக்க, அடுத்த வாரம் தொடரே இல்லை. இந்த இடைவெளி கமீலியனை மறக்கடிக்கவும் வசதியாகப் போயிற்று.

கமீலியனின் முடிவு எப்படி அமைந்தது?

1984 பிப்ரவரி 23 முதல் மார்ச் 2 வரை நான்கு பகுதிகளாக வந்த ‘பிளானெட் ஆஃப் ஃபயர்’ கதையில் அது அழிக்கப்பட்டது. எழுத்தாளர் பீட்டர் கிரிம்வேடிடம் தயாரிப்பாளர் கொடுத்த பட்டியலைக் கேட்டால் பாவமாக இருக்கும். டர்லோ என்ற தோழரை வழியனுப்ப வேண்டும், பெரி என்ற புதிய தோழியை அறிமுகப்படுத்த வேண்டும், மாஸ்டரின் கதையை இப்போதைக்கு முடித்துவைக்க வேண்டும், கமீலியனைத் தீர்த்துக்கட்ட வேண்டும், இவ்வளவும் ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே என்ற எரிமலைத் தீவில் படமாக்கத்தக்க கதைக்குள் அடங்க வேண்டும். இயக்குநர் ஃபியோனா கம்மிங் விடுமுறைக்குப் போன இடத்தில் அந்தத் தீவைப் பார்த்துப் பரிந்துரைத்திருந்தார்.

இந்த நெருக்கடிக்குள் கிரிம்வேட் செய்தது கெட்டிக்காரத்தனமான வேலை. ரோபோவை இயன்றவரை திரையில் காட்டாமல், அது எடுக்கும் உருவங்களைக் காட்டினார். கமீலியன் மாஸ்டரின் பிடிக்குள் மீண்டும் சிக்கி, ஒருசமயம் மாஸ்டராகவும், ஒருசமயம் பெரியின் வளர்ப்புத் தந்தை ஹோவர்டாகவும் நடமாடுகிறது. ஹோவர்டாக நடித்த டல்லஸ் ஆடம்ஸின் முகத்தில் வெள்ளிப் பூச்சைப் பூசி, பாதி மனிதன் பாதி ரோபோ என்ற நிலையைக் காட்டினார்கள். கடைசியில், தன்னை ஆட்டுவிக்கும் மனத்திலிருந்து விடுபட வேறு வழியில்லை என்றுணர்ந்த கமீலியன், தன்னை அழித்துவிடும்படி டாக்டரிடம் மன்றாடுகிறது. மாஸ்டரின் ஆயுதத்தையே எடுத்து டாக்டர் அதைச் செய்கிறார்.

இரண்டே கதைகளில் வந்த பாத்திரத்துக்கு இந்த மரணம் அதன் தகுதிக்கு மீறிய கனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. தன் உடலின்மீது தனக்கே அதிகாரம் இல்லாத ஒருவனின் துயரம் அது. அரங்கில் எவருக்கும் கட்டுப்படாத அந்த இயந்திரத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு, வெள்ளிப் பூச்சுப் பூசிய மனித நடிகர் ஒருவர் கமீலியனாகத் தடுமாறும் காட்சிகளில் இந்தப் பாத்திரம் முதன்முறையாக உயிர்பெறுவது கண்ணில் படாமல் போகாது. அடுத்த கதையான ‘த கேவ்ஸ் ஆஃப் ஆன்ட்ரசானி’யில் டாக்டராக ஐந்தாவதாக நடித்த பீட்டர் டேவிசன் அடுத்த நடிகராக உருமாறும் தறுவாயில், அவர் மனக்கண்ணில் தோன்றும் தோழர்களின் முகங்களில் கமீலியனும் ஒருமுறை வந்துபோகிறது. அத்தோடு சரி.

கே-9 நாயும் ஓயாமல் பழுதான ரோபோதானே? அது மட்டும் எப்படி நிலைத்தது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். கே-9 என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் நாயினத்தைக் குறிக்கும் சொல் ஒலிக்கும். பாப் பேக்கரும் டேவ் மார்ட்டினும் எழுதி 1977 அக்டோபரில் வந்த ‘த இன்விசிபிள் எனிமி’ கதையில், பேராசிரியர் மேரியஸ் என்பவரின் உலோக நாயாக அது அறிமுகமாயிற்று. ஒரே கதைக்கென்று உருவாக்கியதை, தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸ் தொடரிலேயே வைத்துக்கொண்டார். கமீலியனைப் போலவே இதற்குள்ளும் ஆள் இல்லை; தொலைவிலிருந்து ரேடியோவால் இயக்க வேண்டும்.

வேறுபாடு அதன் வாயில் இருக்கிறது, சரியாகச் சொன்னால் வாய் அசையாததில் இருக்கிறது. கே-9இன் முகத்தில் பேச்சுக்கேற்ப அசைய வேண்டிய உறுப்பு எதுவும் கிடையாது. எனவே குரல் கொடுத்த ஜான் லீசன், பதிவு நடக்கும்போதே அரங்கின் ஓரத்தில் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து, நடிகர்களின் வேகத்துக்கேற்ப நேரடியாகப் பேசினார். ஒருவர் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார்; வசனம் மாறினால் அவரும் மாற்றுவார். அதைவிட முக்கியமானது, ஒத்திகை நாட்களில் பொம்மை அங்கே இருக்காது. அதற்குப் பதிலாக லீசனே கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தரையில் தவழ்ந்து நாயாக நடிப்பார். நான்காம் டாக்டர் டாம் பேக்கரும் அவரும் ஓய்வு நேரத்தில் சேர்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போடுவார்களாம். பாவைக்கூத்தில் பாவையைவிடத் திரைக்குப் பின்னால் இருக்கும் கையும் குரலும்தானே ஆட்டத்தை நடத்துகின்றன. கே-9க்கு அந்த ஆள் கிடைத்தார், கமீலியனுக்குக் கிடைக்கவில்லை. ஜெரால்ட் ஃபிளட் நல்ல நடிகர், ஆனால் அவர் குரல் ஒலிநாடாவில் உறைந்து கிடந்தது.

கே-9 கொடுத்த தொல்லைகள் எவை?

ஏராளம். தொடக்க காலத்தில் அதை இயக்கிய ரேடியோ அலைகளும் அரங்கின் கேமராக்களும் ஒன்றையொன்று குழப்பின. நாய் சொன்ன திசைக்குப் போகாமல் தன் இஷ்டத்துக்குத் திரியும். அதன் மோட்டார் எழுப்பிய இரைச்சல் நடிகர்களின் வசனத்தை விழுங்கிற்று. பின்னர் உட்பகுதியைத் திருத்தி இரைச்சலைக் குறைத்தார்கள். சக்கரங்கள் சிறியவை ஆதலால் அரங்கின் வழுவழுப்பான தரையைத் தவிர வேறெங்கும் அது நகராது. கதவு நிலையின் சிறு மேடுகூட அதற்கு மலைதான். வெளிப்புறப் படப்பிடிப்பில் பலகை போட்டு ஓட்டினார்கள், அல்லது கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையைக் கட்டி இழுத்தார்கள். பல காட்சிகளில் அது ஏற்கெனவே வந்து நின்றுவிட்டதாகக் காட்டி, வரும் காட்சியையே தவிர்த்துவிட்டார்கள்.

அதன் உயரமும் ஒரு பிரச்சினை. நெட்டையான டாம் பேக்கரையும் முழங்கால் உயர நாயையும் ஒரே சட்டகத்தில் காட்ட வேண்டுமானால் ஒன்று கேமரா மிகவும் பின்னால் போக வேண்டும், இல்லையேல் நடிகர் மண்டியிட வேண்டும். பேக்கர் எத்தனை முறை தரையில் சாய்ந்து கிடந்தபடி நாயோடு பேசுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் குறைகள் கதைகளையே திருத்தி எழுதின. 1978 டிசம்பரில் தொடங்கிய ‘த பவர் ஆஃப் க்ரோல்’ முழுக்கச் சதுப்பு நிலத்தில் நடப்பதால் கே-9 டார்டிஸைவிட்டு இறங்கவே முடியாது. வேலையில்லாமல் போன ஜான் லீசனுக்கு அந்தக் கதையில் மனிதப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து முகம் காட்ட வைத்தார்கள். பாரிஸ் நகரத் தெருக்களில் ஓடியாடும் ‘சிட்டி ஆஃப் டெத்’ கதையில் நாயே இல்லை.

அறிமுகக் கதையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கே-9 தன் மூக்கிலுள்ள கதிர்த் துப்பாக்கியால் சுவரின் ஒரு துண்டைப் பெயர்க்க வேண்டும். முதல் முயற்சியில் பெயர்ந்த துண்டை அவசரமாக ஒட்டிவைத்து மறுபடி எடுத்ததால், நாய் சுடுவதற்கு முன்பே சுவரில் வெட்டிய கோடு தெளிவாகத் தெரிகிறது.

நாய்க்குத் தொண்டை கட்டியது ஏன்?

1979இல் ஜான் லீசன் சிறிது காலம் விலகியிருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ‘டெஸ்டினி ஆஃப் த டாலெக்ஸ்’ கதையின் தொடக்கத்தில் கே-9க்குத் தொண்டை அழற்சி என்று சொல்லி அதைக் கலத்திலேயே விட்டுவிட்டார்கள். அதன்பின் டேவிட் பிரையர்லி அந்தப் பருவத்துக்குக் குரல் கொடுத்தார். இயந்திரத்துக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று டாக்டரே கதைக்குள் வியக்கிறார். அப்போது கதைத் தொகுப்பாசிரியராக இருந்தவர் நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் என்பதை அறிந்தால் இந்தக் குறும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது. அதே பருவத்தில் ‘ஷாடா’ என்ற கதை வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்று, அப்போது ஒளிபரப்பாகாமலே போனது. அடுத்த பருவத்தில் லீசன் திரும்பிவந்தார்.

பிறகு ஏன் கே-9ஐ நீக்கினார்கள்?

1980இல் பொறுப்பேற்ற ஜான் நேதன்-டர்னருக்கு அது கதைச் சிக்கல்களை மிக எளிதாகத் தீர்த்துவைக்கும் கருவியாகப் பட்டது. எந்தப் பூட்டையும் திறக்கும், எந்தக் கணக்கையும் போடும், எதிரியைச் சுட்டு வீழ்த்தும் நாய் உடனிருந்தால் டாக்டருக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? அது நியாயமான வாதம்தான். ஆனால் அவர் அதை வழியனுப்பிய விதத்தில் கொஞ்சம் வன்மமும் தெரிகிறது. அவருடைய முதல் கதையான ‘த லெஷர் ஹைவ்’ தொடங்கியதுமே பிரைட்டன் கடற்கரையில் பந்தைத் துரத்திக் கடலுக்குள் ஓடி கே-9 வெடிக்கிறது. அடுத்ததில் மின்கலம் தீர்ந்து தடுமாறுகிறது. அதற்கடுத்ததில் தலை துண்டாகிறது. 1981 ஜனவரியில் ‘வாரியர்ஸ் கேட்’ கதையில் காலப் புயலில் அடிபட்டு, ரோமானா என்ற தோழியோடு விடைபெறுகிறது. ‘த சன்’ நாளிதழ் நாயைக் காப்பாற்றுங்கள் என்று இயக்கமே நடத்திப் பார்த்தது.

நாயை நீக்கிய அதே தயாரிப்பாளர்தான் இரண்டே ஆண்டுகளில் கமீலியனை வரவேற்றார் என்பது எனக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது. நகர மறுக்கும் ஒன்றை வாசலில் இறக்கிவிட்டு, நடக்கவே தெரியாத ஒன்றை வீட்டுக்குள் அழைத்துவந்தார்.

கே-9க்குத் தனித் தொடர் எடுத்தார்களே, அது என்னவாயிற்று?

எலிசபெத் ஸ்லேடன் நடித்த, டாக்டரின் முன்னாள் தோழியான சேரா ஜேன் பாத்திரத்தோடு சேர்த்து ‘கே-9 அண்ட் கம்பெனி’ என்ற முன்னோட்டப் பகுதி ஒன்று 1981 டிசம்பர் 28 அன்று ஒளிபரப்பானது. அன்றைக்குப் பார்த்து வின்டர் ஹில் ஒளிபரப்புக் கோபுரம் பழுதாகி, வடமேற்கு இங்கிலாந்தில் பலரால் அதைப் பார்க்க முடியாமல் போனது. அப்படியும் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் பிபிசி 1 அலைவரிசையின் தலைமை மாற, தொடராக அது நீளவில்லை.

2006 ஏப்ரல் 29 அன்று வந்த ‘ஸ்கூல் ரீயூனியன்’ கதையில் சேரா ஜேனும் கே-9ம் திரும்பிவந்தார்கள், குரல் ஜான் லீசனுடையதேதான். அதற்குப் பின் வந்த தொல்லைக்குச் சக்கரமோ மோட்டாரோ காரணமில்லை. கே-9இன் உரிமை பிபிசியிடம் இல்லை, அதைப் படைத்த எழுத்தாளர்களிடம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் அந்த நாயை வைத்துத் தனித் தொடர் ஒன்று தயாரானதால், 2007இல் தொடங்கிய ‘த சேரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்’ தொடரில் அதை நிலையாகச் சேர்க்க முடியவில்லை. எனவே ஒரு கருந்துளை பூமியை விழுங்காமல் காக்கும் பணியில் அது ஈடுபட்டிருப்பதாகக் கதை கட்டினார்கள்.

ஆள் உள்ளே இருந்து இயக்கிய ரோபோக்களுக்குத் தொல்லை நேரவில்லையா?

நேர்ந்தது, ஆனால் வேறு வகையில். 1974 டிசம்பர் 28 அன்று தொடங்கிய ‘ரோபோட்’ கதையின் கே1 என்ற பெரும் ரோபோவுக்குள் மைக்கேல் கில்கரிஃப் இருந்தார். கொல்லக் கூடாது என்ற அடிப்படைக் கட்டளையை மீறும்படி ஆட்டுவிக்கப்பட்டு, குற்றவுணர்வில் நிலைகுலையும் பாத்திரம் அது; கனத்த உடைக்குள்ளிருந்தும் அந்தத் தவிப்பை அவர் உடலசைவில் கொண்டுவந்துவிடுகிறார். உடையை வடிவமைத்த ஜேம்ஸ் ஆச்சிசன் பின்னாளில் திரைப்பட ஆடை வடிவமைப்புக்காக மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்றவர். கோளாறு வந்தது தந்திரக் காட்சிகளில்தான். ரோபோ பூதாகாரமாக வளரும் இடங்களில் வண்ணத்தைப் பிரித்து இரு படங்களை இணைக்கும் முறையைப் பயன்படுத்த, பளபளக்கும் உடல் சுற்றியிருந்த நிறத்தைப் பிரதிபலித்ததால் ஆங்காங்கே உறுப்புகள் மறைந்துபோயின. அதை எதிர்க்க வரும் ராணுவ டாங்கி கடையில் வாங்கிய பொம்மை என்பது சிறு குழந்தைக்கும் தெரியும்.

1968இன் ‘த டாமினேட்டர்ஸ்’ கதையில் வரும் குவார்க் ரோபோக்களுக்குள் சிறுவர்கள் இருந்தார்கள். டாலெக்குகளைப் போல விற்பனைப் பொம்மையாகும் என்று நம்பப்பட்ட அந்த ரோபோக்களால் எழுத்தாளர்களுக்கும் பிபிசிக்கும் பிணக்கு மூண்டதுதான் மிச்சம். ஆறு பகுதிகளாக இருக்க வேண்டிய அந்தக் கதை ஐந்தாகச் சுருங்க, அடுத்த கதையான ‘த மைண்ட் ராபர்’ ஒரு பகுதி நீள வேண்டியதாயிற்று. கையில் பணமில்லை, ஆகவே வெற்று வெள்ளை அரங்கையும், ‘அவுட் ஆஃப் த அன்னோன்’ என்ற வேறொரு தொடருக்காகச் செய்த பழைய ரோபோ உடைகளையும் வைத்தே முதல் பகுதியை எடுத்து முடித்தார்கள். அக்காலத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக அது அமைந்துவிட்டது. அதே கதையின் நடுவில் நடிகர் ஃபிரேசர் ஹைன்ஸுக்கு அம்மை போட்டுவிட, அவருடைய பாத்திரத்தின் முகமே மாறிவிட்டதாகக் கதைக்குள் எழுதி வேறொருவரை நடிக்கவைத்தார்கள்.

டாலெக்குகள் ரோபோக்கள்தாமே?

இல்லை. அந்த உலோகக் கூட்டுக்குள் உயிருள்ள ஒரு பிராணி இருக்கிறது. கூட்டை உள்ளே அமர்ந்து ஓட்டியவர் ஒருவர், குரல் கொடுத்தவர் வேறொருவர்.

மற்றத் தொடர்களில் இதே அனுபவம் உண்டா?

அமெரிக்காவில் 1965 முதல் 1968 வரை வந்த ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரின் ரோபோ நல்ல ஒப்பீடு. உள்ளே பாப் மே இருந்தார். நாம் கேட்கும் குரல் டிக் டஃபெல்டுடையது. ஆனால் படப்பிடிப்பின்போது பாப் மே எல்லா வசனங்களையும் தாமே பேசி நடிப்பார், டஃபெல்டின் குரல் பின்னர்தான் சேர்க்கப்படும். அதனால் எதிரே நின்ற நடிகர்களுக்கு உயிருள்ள மறுமொழி கிடைத்தது. நடக்க வசதியாக, இடுப்புக்குக் கீழுள்ள பகுதியைக் கழற்றிவிட்டு மேல்பாதியை மட்டும் மாட்டிக்கொண்டு நடிப்பதும் உண்டு.

1981 தொடக்கத்தில் பிபிசி ஒளிபரப்பிய ‘த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ தொடரில், தீராத மனச்சோர்வோடு திரியும் மார்வின் என்ற ரோபோவுக்கு உடலாக டேவிட் லேர்னரும் குரலாக ஸ்டீபன் மூரும் இருந்தார்கள். அங்கே படுத்திய இயந்திரம் மார்வின் இல்லை. சேஃபாட் என்ற வேற்றுக்கிரகப் பாத்திரத்தின் தோளில் பொருத்திய இரண்டாவது தலை. அது பல காட்சிகளில் தூங்குவதுபோலத் தொங்கிக் கிடக்கிறது. 1978இன் அமெரிக்கத் தொடரான ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில் ரோபோ நாய்க்குள் ஒரு சிம்பன்சியையே வைத்துவிட்டார்கள்.

கமீலியனை இப்போது பார்க்க விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது?

முதலில் ‘பிளானெட் ஆஃப் ஃபயர்’ பாருங்கள், பிறகு ‘த கிங்ஸ் டீமன்ஸ்’. வரிசை தலைகீழ்தான், ஆனால் பாத்திரத்தின் துயரத்தை உணர்ந்த பிறகு பார்த்தால், கையில் இசைக்கருவியோடு அந்த வெள்ளி உருவம் தலையைத் திணறித் திணறித் திருப்பும் முதல் காட்சி சிரிப்பை மட்டும் தருவதில்லை. டீகனோடு அது பேசும் நீக்கப்பட்ட காட்சியை அதன்பின் பார்க்கலாம். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் ஆகாது.